நாய் மார்க் கம்பெனியின் பயணம்: கேம்டனிலிருந்து ஹுவாரெஸ் வரை



கிராமபோன் குழாய்க்குள் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருக்கும் அந்த நாயை உங்கள் தாத்தா பாட்டிமார்கள் நன்றாக அறிவார்கள். நம் ஊர்க் கல்யாண வீடுகளில் சுழன்ற எச்.எம்.வி. இசைத்தட்டுகளின் நடுவில் அது உட்கார்ந்திருக்கும். 'நாய் மார்க் பிளேட்' என்றே சொல்வோம். ஓர் ஆங்கிலேய ஓவியர் வரைந்த படம் அது. நாயின் பெயர் நிப்பர். அதே படத்துக்கு அமெரிக்காவில் வேறொரு சொந்தக்காரர் இருந்தார். நியூ ஜெர்சி மாநிலத்தின் கேம்டன் நகரில் 1901ல் எல்ட்ரிட்ஜ் ஜான்சன் என்பவர் தொடங்கிய விக்டர் கம்பெனிதான் அது. 1929ல் அந்தக் கம்பெனியை ஆர்.சி.ஏ. என்ற வானொலி நிறுவனம் விலைக்கு வாங்கியது. ஆலையோடு நாயும் சேர்ந்து கைமாறியது.

அந்த ஆர்.சி.ஏ. கம்பெனியின் கதையைத்தான் இன்றைக்குச் சொல்லப்போகிறேன். அறுபது ஆண்டுகளில் அது வேலையை ஊர் ஊராக மாற்றி, கடைசியில் நாட்டின் எல்லையைத் தாண்டி மெக்சிகோவுக்குப் போய்ச் சேர்ந்தது. ஜெஃபர்சன் கோவி என்ற அமெரிக்க வரலாற்று ஆசிரியர் இந்தப் பயணத்தைப் பற்றி ஒரு முழுப் புத்தகமே எழுதியிருக்கிறார். ஆலை எல்லை தாண்டிப் போகும்போது, 'நம் வேலையை அந்த நாட்டுக்காரன் பிடுங்கிக்கொண்டான்' என்று ஒரு பேச்சு எழும். இந்தக் கதையை முதலிலிருந்து படித்தால் அந்தப் பேச்சு எவ்வளவு அரைகுறையானது என்பது தெரியும்.

*முதல் ஊர்: கேம்டன்*

டெலாவேர் ஆற்றின் ஒரு கரையில் பிலடெல்பியா, மறு கரையில் கேம்டன். கப்பல் கட்டும் தளம், கேம்பெல் சூப் தொழிற்சாலை, ஆர்.சி.ஏ. விக்டர் என்று புகைபோக்கிகள் நிறைந்த ஊர். ஆலையின் கோபுரத்தில் நான்கு பக்கமும் வண்ணக் கண்ணாடியில் நாய் படம். ரேடியோப் பெட்டிக்குள் சின்னச் சின்னக் கம்பிகளைப் பொருத்துவதும் பற்றவைப்பதும் பொறுமையான விரல் வேலை. அதற்கு இளம்பெண்களை நிறைய எடுத்தார்கள். இத்தாலியிலிருந்தும் போலந்திலிருந்தும் குடியேறிய குடும்பங்களின் பிள்ளைகள் பலர்.

1929க்குப் பிறகு வந்த பெரும் பொருளாதார மந்தம் உங்களுக்குப் பாடத்தில் உண்டு. வேலை குறைந்தது, கூலி குறைந்தது, மிச்சமிருந்தவர்கள் மேல் வேகம் ஏற்றப்பட்டது. 1935ல் ரூஸ்வெல்ட் ஆட்சியில் வாக்னர் சட்டம் வந்தது. தொழிலாளர் சங்கம் அமைக்கும் உரிமைக்கு அது சட்டப் பாதுகாப்பு கொடுத்தது. அடுத்த ஆண்டு, 1936 ஜூனில், கேம்டன் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். ஏறத்தாழ ஒரு மாதம் நடந்தது. ஆலைவாசலில் அடிதடி, கைதுகள், வெளியாட்களை வைத்து ஆலையை ஓட்டும் முயற்சி, எல்லாம் உண்டு. முடிவில் சங்கம் நிலைபெற்றது. அடுத்த ஆண்டு கம்பெனி அந்தச் சங்கத்தோடு ஒப்பந்தம் போட்டது.

பாடப்புத்தகமாக இருந்தால் 'தொழிலாளர் வெற்றி பெற்றனர்' என்று எழுதி அத்தியாயத்தை முடித்துவிடுவோம். கம்பெனியின் கணக்குப் புத்தகத்தில் அது முடியவில்லை. சின்ன ரேடியோக்கள் செய்வதற்கு அவர்கள் வேறு ஊர் தேட ஆரம்பித்தார்கள்.

*இரண்டாவது ஊர்: புளூமிங்டன்*

அமெரிக்காவின் நடுப்பகுதியில் இருக்கிறது இண்டியானா மாநிலம். அதன் தென்பகுதியில் கேம்டனிலிருந்து ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி புளூமிங்டன். அந்த வட்டாரத்துக்கு இரண்டு பிழைப்புகள் இருந்தன. ஒன்று சுண்ணாம்புக்கல் வெட்டுவது. நியூயார்க்கின் எம்பயர் ஸ்டேட் கட்டடத்துக்குக் கல் போனது அந்தப் பக்கத்துக் குவாரியிலிருந்துதான். மற்றொன்று மரச்சாமான் செய்வது. மந்த காலத்தில் இரண்டும் படுத்துவிட்டன. ஆண்களுக்கு வேலை இல்லை. வீட்டில் இருந்த பெண்பிள்ளைகள் எந்த வேலைக்கும் தயாராக இருந்தார்கள்.

1940ல் ஆர்.சி.ஏ. அங்கே வந்தது. ஊரே திரண்டு வரவேற்றது. அங்கேயும் பெண்களைத்தான் அதிகம் எடுத்தார்கள். கேம்டனில் கொடுத்ததைவிடக் குறைந்த கூலி. ஆனால் அந்தப் பெண்களுக்கு அது அதுவரை பார்க்காத பணம்.

இந்த இடத்தை நன்றாக மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கேம்டன்காரர்கள் கண்ணில் புளூமிங்டன் யார்? குறைந்த கூலிக்கு ஒத்துக்கொண்டு தங்கள் வேலையை எடுத்துக்கொண்டவர்கள். பின்னாளில் புளூமிங்டன்காரர்கள் மெக்சிகோவைப் பற்றிச் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் 1940ல் புளூமிங்டனைப் பற்றிச் சொல்லக்கூடிய வார்த்தைதான்.

போர் முடிந்து தொலைக்காட்சி வந்தது. 1954 மார்ச்சில் ஆர்.சி.ஏ.யின் முதல் வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டி, சிடி-100 என்ற மாடல், புளூமிங்டன் ஆலையிலிருந்துதான் வெளியே வந்தது. திரை 15 அங்குலம், விலை 1,000 டாலர். அப்போதைய அமெரிக்காவில் ஒரு புதுக் கார் விலையில் ஏறத்தாழ பாதி. 'உலகின் வண்ணத் தொலைக்காட்சித் தலைநகரம்' என்று அந்த ஊர் தன்னைச் சொல்லிக்கொண்டது. 1960களின் உச்சத்தில் ஏறத்தாழ 8,000 பேர் வேலை செய்தார்கள். அம்மா வேலை செய்த ஆலையில் மகள் சேர்ந்தாள், அண்ணன் சொல்லித் தம்பி சேர்ந்தான்.

இருபது இருபத்தைந்து ஆண்டுகளில் அந்தத் தொழிலாளர்களும் மாறினார்கள். முதலில் நன்றியோடு வந்தவர்களுக்கு இப்போது பணி மூப்பு இருந்தது, சங்கம் இருந்தது, கடனில் வாங்கிய வீடு இருந்தது. லைன் எவ்வளவு வேகமாக ஓடலாம், ஒரு பெண் ஒரு நாளில் எத்தனை இணைப்பு பற்றவைக்கலாம் என்று கேள்வி கேட்டார்கள். 1960களின் நடுவில் அங்கேயும் வேலைநிறுத்தங்கள் வந்தன.

*இடையில் ஒரு ஊர்: மெம்பிஸ்*

கம்பெனி இப்போது தெற்கே திரும்பியது. டென்னசி மாநிலத்தின் மெம்பிஸ் நகரில் 1966ல் ஒரு பெரிய தொலைக்காட்சி ஆலையைத் திறந்தார்கள். தென்மாநிலங்களில் சங்கம் பலவீனம், கூலி குறைவு என்பது கணக்கு. அந்தக் கணக்கு தப்பாகிவிட்டது. ஊர் கொந்தளிப்பில் இருந்தது. கருப்பின மக்களின் உரிமைப் போராட்டம் உச்சத்தில் இருந்த காலம். மெம்பிஸ் துப்புரவுத் தொழிலாளர்களின் வேலைநிறுத்தத்துக்கு ஆதரவாக வந்த மார்ட்டின் லூதர் கிங் 1968 ஏப்ரல் 4 அன்று சுட்டுக் கொல்லப்பட்டது அந்த ஊரில்தான். தெருவில் தலை நிமிர்ந்து நடக்கத் தொடங்கிய மக்கள் ஆலைக்குள் மட்டும் குனிந்து வேலை செய்வார்களா? ஆர்.சி.ஏ. ஆலையிலும் சங்கம் வந்தது, வேலைநிறுத்தமும் வந்தது.

ஐந்தே ஆண்டுகள். 1970 முடியும்போது மெம்பிஸ் ஆலையின் கதையும் முடிந்தது. கேம்டனில் முப்பது ஆண்டுகளில் நடந்தது இங்கே ஐந்தில் நடந்துவிட்டது. மெம்பிஸ் ஆலை மூடுவதற்குள் கம்பெனி இன்னொரு இடத்தில் கால் ஊன்றியிருந்தது. இந்த முறை ஆற்றைத் தாண்டி.

*எல்லைக்கு அப்பால்: சியுதாத் ஹுவாரெஸ்*

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் எல் பாசோ. நடுவே ரியோ கிராண்டே ஆறு. எதிர்க் கரையில் மெக்சிகோவின் ஹுவாரெஸ். பாலத்தில் நடந்தே போகலாம்.

1942 முதல் 'பிராசெரோ' என்று ஒரு திட்டம் இருந்தது. அமெரிக்கப் பண்ணைகளில் வேலை செய்ய மெக்சிகோ ஆண்களை ஒப்பந்தக் கூலிகளாக அழைத்துவருவார்கள். 1964 முடிவோடு அமெரிக்கா அதை நிறுத்தியது. எல்லை ஊர்களில் வேலையில்லாக் கூட்டம் பெருகியது. 1965ல் மெக்சிகோ அரசு எல்லைத் தொழில்மயத் திட்டத்தைக் கொண்டுவந்தது. அந்நியக் கம்பெனிகள் எல்லையோரம் ஆலை வைக்கலாம். இயந்திரத்தையும் பாகங்களையும் வரியில்லாமல் கொண்டுவரலாம். செய்த பொருள் முழுவதையும் வெளியே அனுப்பிவிட வேண்டும்.

அமெரிக்கப் பக்கத்தில் அதற்குப் பொருத்தமாக ஒரு சுங்கவரிப் பிரிவு ஏற்கெனவே இருந்தது. கணக்குக்காக ஒரு எடுத்துக்காட்டு சொல்கிறேன். 80 டாலர் மதிப்புள்ள அமெரிக்கப் பாகங்களை மெக்சிகோவுக்கு அனுப்பி, அங்கே 20 டாலர் செலவில் பொருத்தி, 100 டாலர் பொருளாகத் திரும்பக் கொண்டுவந்தால், வரி அந்த 20 டாலருக்கு மட்டும்தான். அதாவது வெளியே செய்த வேலைக்கு மட்டும் வரி. அந்த வேலையின் கூலியே மிகக் குறைவு. வரியும் அதற்கேற்ப மிகக் குறைவு.

இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். 1964ல் ஆற்றைத் தாண்டி வேலைக்கு வர மனிதனுக்கு இருந்த வாசல் மூடப்பட்டது. 1965ல் அதே ஆற்றைத் தாண்டிப் பாகங்கள் போய்வர வாசல் திறக்கப்பட்டது. எல்லை என்பது எல்லோருக்கும் ஒரே மாதிரி அடைப்பதில்லை.

இந்த ஆலைகளுக்கு 'மக்கிலாடோரா' என்று பெயர். 'மக்கிலா' என்பது பழைய ஸ்பானிய மாவு மில் வார்த்தை. நீங்கள் கொண்டுபோகும் தானியத்தை அரைத்துக் கொடுத்துவிட்டு, மில்காரர் தன் கூலியாக எடுத்துக்கொள்ளும் பங்குதான் மக்கிலா. தானியமும் உங்களுடையது, மாவும் உங்களுடையது. மில்லுக்கு மிஞ்சுவது அரைத்த கூலி. இதைவிடச் சரியாக அந்த ஆலைகளுக்கு யாரும் பெயர் வைத்திருக்க முடியாது.

1960களின் கடைசியில் ஆர்.சி.ஏ. ஹுவாரெஸின் புதிய தொழிற்பேட்டையில் இறங்கியது. அங்கே வந்த முதல் பெரிய கம்பெனிகளில் அதுவும் ஒன்று. பண்ணையிலிருந்து திரும்பிய ஆண்களுக்கு வேலை கொடுக்கிறோம் என்று தொடங்கிய திட்டம். ஆனால் ஆலைகள் எடுத்தது பெரும்பாலும் பதினாறிலிருந்து இருபத்துநான்கு வயதுக்குள்ளான பெண்களை. நம் கதையில் இது மூன்றாவது முறை. கேம்டனில் குடியேறியவர் வீட்டுப் பெண், புளூமிங்டனில் கல்வெட்டுத் தொழிலாளி வீட்டுப் பெண், ஹுவாரெஸில் உள்நாட்டுக் கிராமத்திலிருந்து பஸ் ஏறி வந்த பெண். மூவரும் கையில் பிடித்தது ஒரே பற்றவைப்புக் கருவி. 'இவர்கள் விரல் மெல்லியது, பொறுமை அதிகம்' என்று மூன்று ஊரிலும் சொன்னார்கள். இவர்கள் குறைவாகக் கேட்பார்கள் என்பதுதான் அந்தப் பாராட்டின் உள்ளர்த்தம்.

*ஏன் போனது? கூலி மட்டுமா?*

வகுப்பில் நான் அடிக்கடி சொல்வது நினைவிருக்கலாம்: ஒரு நிகழ்வுக்கு ஒரே காரணம் எழுதினால் பாதி மதிப்பெண்தான்.

முதல் காரணம் கூலி. மறுக்க முடியாது.

இரண்டாவது, போட்டி. வண்ணத் தொலைக்காட்சித் தொழில்நுட்பத்தை ஆர்.சி.ஏ.யே ஜப்பானியக் கம்பெனிகளுக்கு உரிமத்தின்பேரில் விற்றது. உரிமக் கட்டணம் நல்ல வருமானம். 1960ல் ஜப்பான் அரசு ஆர்.சி.ஏ. தலைவர் டேவிட் சார்னாஃபுக்கு உயரிய விருது கொடுத்துக் கௌரவித்தது. பத்துப் பதினைந்து ஆண்டுகளில் அந்த ஜப்பானியப் பெட்டிகளே அமெரிக்கக் கடைகளை நிறைத்தன. விலை இறங்கிக்கொண்டே போனது. அமெரிக்கத் தொலைக்காட்சிக் கம்பெனிகளில் கடைசிவரை தாக்குப்பிடித்த ஜெனித்கூட தன் ஆலையை மெக்சிகோவின் ரெய்னோசாவுக்குக் கொண்டுபோனது.

மூன்றாவது, பொருளின் தன்மை. முதல் வண்ணப் பெட்டியைச் செய்ய ஆராய்ச்சியாளர் பக்கத்தில் இருக்க வேண்டும். நாள்தோறும் ஏதாவது கோளாறு வரும். இருபது ஆண்டு கழித்து அதே வேலை யாருக்கும் சில வாரத்தில் கற்றுத்தரக்கூடிய வேலையாகிவிட்டது. வேலை எளிதாக எளிதாக அதைத் தூக்கிக்கொண்டு போவதும் எளிதாகிறது.

நான்காவது, சட்டமும் நாணயமும். மேலே சொன்ன வரிச் சலுகை ஒன்று. 1982ல் மெக்சிகோவின் பெசோ விழுந்தது. 1994 ஜனவரி 1 அன்று நாஃப்டா ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தது. அதே ஆண்டு டிசம்பரில் பெசோ மறுபடியும் விழுந்தது. பெசோ விழும்போதெல்லாம் டாலரில் கணக்குப் பார்க்கும் கம்பெனிக்கு மெக்சிகோ கூலி ஒரே இரவில் இன்னும் மலிவாகும். தொழிலாளிக்கு அரிசி பருப்பு விலை ஏறும்.

ஐந்தாவது, முதலாளியே மாறிவிட்டார். 1986ல் ஜெனரல் எலக்ட்ரிக் ஆர்.சி.ஏ.யை வாங்கியது. அடுத்த ஆண்டே தொலைக்காட்சிப் பிரிவைப் பிரான்சின் தாம்சன் நிறுவனத்துக்கு விற்பதாக அறிவித்தது. நாய் மார்க் பெட்டியைச் செய்பவர் இப்போது பாரிசில் இருக்கிறார். அவருக்குப் புளூமிங்டனும் ஹுவாரெஸும் வரைபடத்தில் இரண்டு புள்ளிகள்.

*புளூமிங்டனின் கடைசி நாள்*

ஆலை ஒரே நாளில் போகவில்லை. முதலில் சின்னப் பாகங்கள் போயின. பிறகு உட்பலகை போனது. பிறகு சின்னத் திரைப் பெட்டிகள். ஒவ்வொரு முறையும் மிச்சமிருந்தவர்கள், 'பெரிய பெட்டி எப்படியும் இங்கேதான்' என்று தேற்றிக்கொண்டார்கள். 1997 பிப்ரவரியில் தாம்சன் அறிவித்தது: ஆலை மூடப்படும், உற்பத்தி ஹுவாரெஸுக்குப் போகும். 1998 ஏப்ரல் 1 அன்று ஆலை நின்றது. மிஞ்சியிருந்த ஏறத்தாழ 1,100 பேருக்கு வேலை போனது. பலர் இருபது முப்பது ஆண்டுகள் அதே கூரையின் கீழ் இருந்தவர்கள். ஐம்பது வயதில் வேறு வேலைக்கு விண்ணப்பம் எழுதுவது என்ன என்பதை அந்த வயதைத் தொட்டவர்கள் அறிவீர்கள்.

அதே காலத்தில் ஹுவாரெஸ் எப்படி இருந்தது? வேலை கிடைத்தவர்கள் சொர்க்கத்தில் இருந்தார்களா? ஆலைகள் பெருகிய வேகத்தில் ஊர் வளரவில்லை. ஆலை வீசியெறிந்த மரப்பலகையையும் அட்டையையும் வைத்து மலைச்சரிவுகளில் வீடு கட்டினார்கள். தண்ணீர் லாரியில் வந்தது. தெருவிளக்கில்லாத பாதையில் பெண்கள் ஷிப்ட் முடிந்து நடந்தார்கள். 1993லிருந்து அந்த ஊரில் இளம்பெண்கள் கொல்லப்பட்ட கொடுமையை உலகமே பேசியது. அவர்களில் ஆலைப் பெண்களும் இருந்தார்கள். பெண்களைக் காக்கத் தவறியதற்காக, 2009ல் அமெரிக்கக் கண்டங்களுக்கான மனித உரிமை நீதிமன்றம் மெக்சிகோ அரசைக் குற்றம்சாட்டித் தீர்ப்பளித்தது.

இன்னொன்றும் நடந்தது. 1995 தொடக்கத்தில், பெசோ விழுந்து வயிறு காய்ந்த நேரத்தில், ஹுவாரெஸின் ஆர்.சி.ஏ. ஆலைத் தொழிலாளர்கள் கூலி உயர்வு கேட்டு வேலையை நிறுத்தினார்கள். கேம்டனில் 1936ல், புளூமிங்டனில் 1960களில், மெம்பிஸில் ஓரிரு ஆண்டிலேயே, இப்போது ஹுவாரெஸிலும். 'அந்த நாட்டுப் பெண்கள் வாய் திறக்கமாட்டார்கள்' என்று எழுதிவைத்தவர்கள் எந்த ஊரிலும் சரியாகச் சொன்னதில்லை. எந்த ஊரிலும் முதல் தலைமுறை நன்றியோடு உள்ளே வருகிறது. ஆலையே அவர்களுக்குச் சம்பளத்தையும் தோழிகளையும் தைரியத்தையும் கொடுக்கிறது. பிறகு அவர்கள் கேட்கிறார்கள். ஒரு நாட்டுக்குள் இருக்கும்வரை சட்டமும் சங்கமும் பின்னாலேயே போய்ப் பிடிக்க முடிந்தது. எல்லையைத் தாண்டியதும் சட்டம் பாலத்தின் இந்தப் பக்கமே நின்றுவிட்டது. புளூமிங்டன் சங்கத்துக்கும் ஹுவாரெஸ் பெண்ணுக்கும் பேசிக்கொள்ள ஒரு மொழிகூட இல்லை. இரண்டு பேருக்கும் முதலாளி ஒருவர்தான்.

*தைவானில் விட்டுவந்தது*

ஆர்.சி.ஏ. தாண்டிய எல்லை ஒன்றுதான் என்று நினைக்காதீர்கள். அதே காலத்தில் தைவானின் தாவ்யுவானிலும் ஒரு பெரிய ஆலை வைத்தார்கள். அங்கேயும் ஆயிரக்கணக்கான இளம்பெண்கள். 1992ல் அது மூடப்பட்டது. இரண்டு ஆண்டு கழித்து ஒரு விஷயம் வெளியே வந்தது: பாகங்களைக் கழுவப் பயன்படுத்திய ரசாயனங்கள் மண்ணிலும் நிலத்தடி நீரிலும் கலந்திருந்தன. அந்தத் தண்ணீரைத்தான் ஆலையிலும் விடுதியிலும் இருந்த பெண்கள் குடித்தார்கள். பலருக்குப் புற்றுநோய்.

அவர்கள் ஒரு சங்கமாகச் சேர்ந்து வழக்குப் போட்டார்கள். ஆலையே இல்லை, கம்பெனி மூன்று கை மாறிவிட்டது, பணம் நாட்டைவிட்டுப் போய்விட்டது. யாரைக் கேட்பது? 2015ல் தைபே நீதிமன்றம் 56 கோடி தைவான் டாலருக்குமேல் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. 2018ல் உச்ச நீதிமன்றம் வழக்காடியவர்களில் ஒரு பெரும்பகுதியினருக்கு இழப்பீட்டை உறுதிசெய்தது. அதற்குள் பலர் இறந்துபோயிருந்தார்கள். ஆனால், முதலாளி நிறுவனம் எல்லை தாண்டிப் போனாலும் பொறுப்பு கூடவே போகும் என்பதை அந்தப் பெண்கள் நிலைநாட்டினார்கள்.

*ஆலை போனபின் எது மிஞ்சியது?*

கேம்டன், அமெரிக்காவின் மிக ஏழ்மையான நகரங்களில் ஒன்றாக ஆனது. கப்பல் தளம் 1967ல் மூடியது, சூப் ஆலை 1990ல் மூடியது. நாய்க் கோபுரம் இருந்த ஆர்.சி.ஏ. கட்டடம் இப்போது அடுக்குமாடிக் குடியிருப்பு. நாய் இன்னும் மேலே இருக்கிறது.

புளூமிங்டனில் ஒரு பெரிய பல்கலைக்கழகம் இருந்தது. மருத்துவக் கருவிகள் செய்யும் உள்ளூர் நிறுவனம் ஒன்றும் இருந்தது. பழைய ஆர்.சி.ஏ. இடத்தில் மருந்து நிரப்பும் ஆலை எழுந்தது. கொரோனாக் காலத்தில் மாடர்னா தடுப்பூசி குப்பியில் அடைக்கப்பட்ட இடங்களில் அதுவும் ஒன்று. அதற்காக 1998ல் வேலை போன பெண்கள் அதில் போய்ச் சேர்ந்தார்கள் என்று எண்ணிவிடாதீர்கள். ஊர் பிழைத்துக்கொண்டது. ஊர் பிழைப்பதும் ஆள் பிழைப்பதும் வேறு வேறு.

ஹுவாரெஸுக்கும் அடுத்த பாடம் காத்திருந்தது. 2001ல் சீனா உலக வர்த்தக அமைப்பில் சேர்ந்தது. அதையொட்டிய ஆண்டுகளில் ஹுவாரெஸ் ஆலைகளிலிருந்தே பல்லாயிரம் வேலைகள் போயின. 2004ல் தாம்சன் தன் தொலைக்காட்சித் தொழிலைச் சீனாவின் டி.சி.எல். நிறுவனத்தோடு கூட்டாக்கியது. கேம்டனில் தொடங்கிய பெட்டி பசிபிக் பெருங்கடலைத் தாண்டிவிட்டது.

*நமக்கு என்ன?*

இப்போது சீனாவில் கூலி ஏறிவிட்டது. அமெரிக்காவும் சீனாவும் வரிச் சண்டை போடுகின்றன. ஆலைகள் மறுபடி மூட்டை கட்டுகின்றன. அவற்றில் சில நம் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் வருகின்றன. என்னிடம் படித்த பிள்ளைகள், அவர்களின் பிள்ளைகள், அங்கே வேலையில் இருக்கிறீர்கள். 'சார், இது நிலைக்குமா?' என்று கேட்பவர்களுக்கு ஜோசியம் சொல்ல எனக்குத் தெரியாது. ஆனால் நமக்கு இது முதல் அனுபவம் இல்லை. ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலை 2006ல் உற்பத்தியைத் தொடங்கி, உச்சத்தில் ஏறத்தாழ 8,000 பேருக்கு வேலை கொடுத்து, 2014 நவம்பர் 1 அன்று நின்றது. வரித் தகராறு, கைபேசிச் சந்தை மாறியது, கம்பெனி கைமாறியது என்று அதற்கும் பல காரணங்கள். அங்கிருந்த பெண்களில் பலருக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. பிறகு அதே இடத்தை வாங்கி வேறொரு கம்பெனி சார்ஜர் செய்கிறது.

ஆலை வரக்கூடாது என்று நான் சொல்லவில்லை. மாதச் சம்பளம் கையில் வாங்கிய பெண் வீட்டில் பேசும் பேச்சே வேறு. புளூமிங்டனிலும் ஹுவாரெஸிலும் அதுதான் நடந்தது, நம் ஊரிலும் நடக்கிறது. வந்திருப்பது விருந்தாளி என்பதை மறக்காமல், அது இருக்கும் ஆண்டுகளில் நாம் என்ன சேர்த்துக்கொள்கிறோம் என்பதைப் பார்க்க வேண்டும் என்கிறேன்.

வேலையில் இருக்கும் பிள்ளைகளுக்குச் சில வார்த்தைகள். லைனில் ஒரே திருகை முறுக்குவதோடு நிற்காதீர்கள். இயந்திரப் பராமரிப்பு, தரப் பரிசோதனை, கணினி என்று அடுத்த படிக்குப் போகும் வழியைக் கேளுங்கள். மாலைநேரப் படிப்பாக இருந்தாலும் டிப்ளமோவை முடியுங்கள். பி.எஃப்., இ.எஸ்.ஐ. கணக்கு உங்கள் பெயரில் சரியாக ஏறுகிறதா என்று நீங்களே பாருங்கள். எந்த ரசாயனத்தைக் கையால் தொடுகிறீர்கள், அதன் பெயர் என்ன என்று கேட்டுக் குறித்து வையுங்கள். தைவான் பெண்களுக்கு அந்தப் பெயரைக் கண்டுபிடிக்கவே பல ஆண்டுகள் ஆயின. பக்கத்தில் நிற்பவளோடு சேர்ந்து பேசுங்கள். தனியாகக் கேட்டவருக்கு எந்த ஊரிலும் எதுவும் கிடைத்ததாக நான் படிக்கவில்லை.

ஊராட்சி, பள்ளி என்று பொறுப்பில் இருக்கும் மாணவர்களுக்கும் ஒன்று. ஆலைக்கு நிலமும் தண்ணீரும் சலுகையும் கொடுக்கும்போது, அது போகும் நாளில் ஊரில் எது நிற்கும் என்று அன்றைக்கே கேளுங்கள். ஒரு ஐ.டி.ஐ.யா, நல்ல மருத்துவமனையா, சுத்தமான ஏரியா?

என்றாவது ஒருநாள் இங்கிருந்தும் ஒரு ஆலை வேறு நாட்டுக்குப் போகலாம். அங்கே கிராமத்திலிருந்து பஸ் ஏறி வந்த ஒரு பெண் அந்த வேலையில் உட்காருவாள். அவளைத் திட்டாதீர்கள். கேம்டனில் யாரோ புளூமிங்டன் பெண்ணைத் திட்டினார்கள், புளூமிங்டனில் யாரோ ஹுவாரெஸ் பெண்ணைத் திட்டினார்கள். அந்தத் திட்டு ஒரு ஆலையையும் திரும்பக் கொண்டுவந்ததில்லை.

ஆலைகளில் வேலை பார்ப்பவர்கள் உங்கள் அனுபவத்தைக் கீழே எழுதுங்கள். கம்பெனி பெயரும் ஆள் பெயரும் வேண்டாம். என்ன வேலை செய்கிறீர்கள், புதிதாக என்ன கற்றுக்கொண்டீர்கள் என்று எழுதினால் போதும். இப்போது பன்னிரண்டாம் வகுப்பு படிக்கிற பிள்ளைகளுக்கு அது உதவும்.

அன்புடன்,
உங்கள் வரலாற்று வாத்தியார்